கூப்பிட்ட விரல்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், என் வலது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் விரல் உட்பட நலமாக இருக்க வேண்டும்.

பேத்தி பிறந்தும் நான் வந்து பார்க்கவில்லை என்று மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அப்பாவுக்குக் கல்நெஞ்சு" என்று உங்கள் அத்தையிடம் சொன்னாளாம். நெஞ்சில் ஒன்றுமில்லை மாப்பிள்ளை, எல்லாம் விரலில்தான். அவளிடம் சொன்னால் பயப்படுவாள். அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் லிஃப்ட் ஆபரேட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் லிஃப்ட் பழையது. பொத்தானைத் தொட்டால் போதாது, மூட்டைப்பூச்சியை நசுக்குவது போல அழுத்த வேண்டும். அப்படி அழுத்தி அழுத்தி, போன மழைக்காலத்தில் ஒரு நாள் விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. காலையில் எழுந்தால் கொக்கி மாதிரி இருக்கும். விரிக்கப் பார்த்தால் வராது, பிறகு 'டக்'கென்று தானே துள்ளி நிமிரும். பார்க்கிறவர்களுக்கு, யாரையோ ஒற்றை விரலால் கூப்பிடுவது போலவே இருக்கும். காய்கறி வண்டிக்காரர் நின்று நின்று பார்த்து, "வாங்கறதுன்னா வாங்குங்க, சும்மா கூப்பிட்டு விளையாடாதீங்க" என்று சண்டைக்கு வந்தார். எதிர்வீட்டு அம்மாள் என்னோடு பேசுவதில்லை. அந்த அம்மாளின் கணவர் வந்து பேசினார், அதற்கு அவரும் பேசாமலே இருந்திருக்கலாம்.

கைக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "விரலை இழுக்கிற நாண் ஒரு உறைக்குள்ள போய் வரும். உங்களுக்கு நாண் வீங்கியிருக்கு, அடியில இருக்கிற வளையத்துல மாட்டுது. ஊசிக்காதுல முடிச்சு விழுந்த நூல் மாட்டற மாதிரி. சுகர் இருக்கா?" என்றார். "அது இல்லாத வீடு ஏது டாக்டர்?" என்றேன். விரல் மடங்காதபடி ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டார். அதை மாட்டிக்கொண்டு பொத்தானை எப்படி அழுத்துவது? வேலையில் கழற்றி, வீட்டில் மாட்டினேன். கேட்கவில்லை. பிறகு உள்ளங்கையில் ஊசி போட்டார். வலியில், காலமான என் சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் விரல் சொன்னபடி கேட்டது, பிறகு பழையபடி துள்ள ஆரம்பித்தது.

அப்போதுதான் அது நடந்தது. ஐந்தாம் மாடியில் இருந்த அலுவலகம் காலி செய்து போய் வெகுகாலமாகிறது. அங்கே யாரும் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஒரு மதியம் லிஃப்ட் தானே அங்கே நின்று கதவு திறந்தது. நீளமான வராந்தா, கழற்றிப் போட்ட நாற்காலிகள், வராந்தாவின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பல் நிறக் கோட்டில் ஒருவர். என் விரல் 'டக்'கென்றது. சத்தத்துக்குத் திரும்பினார், விரலைப் பார்த்தார், நடந்து வந்து ஏறிக்கொண்டார். கையில் குடை. வெளியே நல்ல வெயில், குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எந்த மாடி சார்?" என்றேன். கூப்பிட்டவன் நானல்லவா, போகுமிடமும் எனக்குத்தான் தெரியும் என்பது போல நின்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பின்னால் இடது மூலை அவருடையது. மற்றவர்கள் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. ஆனால் எத்தனை நெரிசலிலும் அந்த மூலையில் யாரும் நிற்கமாட்டார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு இந்தப் பக்கமே நிற்பார்கள். மேனேஜர் மட்டும், "ஏன்யா, அந்த மூலை எப்பவும் ஈரமாவே இருக்கு? துடைக்க மாட்டியா?" என்பார். துடைத்தேன் மாப்பிள்ளை. துடைக்கத் துடைக்க ஊறியது. வேலை முடிந்தால் என் பின்னாலேயே வந்து எங்கள் வீட்டு வாசலில் நிற்பார். கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார், அந்த மரியாதை உண்டு. நான் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்துவேன். "குளிருதா, இல்ல திமிரா?" என்பாள் உங்கள் அத்தை.

இப்போது சொல்லுங்கள். அப்படியே நான் அங்கே புறப்பட்டு வந்து, உங்கள் வீட்டு வாசற்படியில் விரல் ஒரு தரம் துள்ளியிருந்தால்? பச்சைக் குழந்தை இருக்கும் வீடு. அதனால்தான் வரவில்லை.

கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன். உள்ளங்கையை மரத்துப்போக வைத்து, சின்னதாகக் கீறி, அந்த வளையத்தை வெட்டி விட்டார்கள். முழித்துக்கொண்டே இருந்தேன். "மடக்குங்க, நீட்டுங்க" என்றார் டாக்டரம்மா. வெண்ணெயில் போவது போலப் போய் வந்தது, சத்தமே இல்லை.

தையல் பிரித்து வேலைக்குப் போன முதல் நாள், ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. அவர் எதிரே நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை. முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"இனிமே கூப்பிட மாட்டீங்களா?"

"இல்லீங்க சார். மன்னிக்கணும்."

"பரவாயில்ல. கூப்பிட ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, படி வழியாகக் குடையை ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே இறங்கிப் போனார். சாயங்காலம் மூலை காய்ந்திருந்தது. மேனேஜர் என்னைப் பாராட்டினார், அவர் வாயில் ஒரு நல்ல சொல்லை அன்றுதான் கேட்டேன்.

ஆக, தொல்லை தீர்ந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அங்கே இருப்போம். இரண்டு கையாலும் பேத்தியைத் தூக்குவேன் என்று மகளிடம் சொல்லுங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, நீங்கள் அனுப்பிய பேத்தியின் புகைப்படம் தபாலில் வந்தது. அப்படியே மகளின் ஜாடை. பின்புறம் நீங்கள் எழுதியிருப்பதையும் படித்தேன்: "விரலை மடக்கி மடக்கி எல்லாரையும் கூப்பிடுறா மாமா, டக் டக்குன்னு சத்தம் வேற!" குழந்தைகளுக்கு இது வந்தால் கட்டைவிரலில்தான் வரும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இவளுக்கு ஆள்காட்டி விரல். நீங்களாக இழுத்து நிமிர்த்தாதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். ஞாயிறு வரை காத்திருக்க மாட்டோம், இதைக் கூரியரில் போட்டுவிட்டு இன்றே புறப்படுகிறோம், எது முந்தினாலும் சரி. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், மகளிடம் கொடுங்கள். தொட்டிலுக்கு அடியில் தரை ஈரமாக இருக்கிறதே என்று வேலைக்காரம்மாவைத் திட்டாதீர்கள். இன்னொன்று, படத்தில் தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் குடை உங்களுடையதுதானே மாப்பிள்ளை?