ஐந்து பதவிகளும் ஆள் இல்லாத மேசையும்

குழியில்லாப் பில்லியட்ஸ் தேசியச் சங்கத் தலைவரும் என் மூத்த அண்ணனுமான ஹென்றி அவர்களுக்கு,

டொரோண்டோவில் நீங்களும் அண்ணியும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள். கண்டியில் நாலு நாளாக வெயில் இல்லை, மற்றபடி நலம்.

இன்று காலை முதல் வேலையாக ஹாஷிம் நானாவின் துணிக்கடை மாடிக்குப் போய் நம்முடைய மேசையை அயன் பண்ணினேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டிய சேலை வீட்டில் கசங்கியே கிடந்தது. மேசையின் பச்சைத் துணியிலிருந்து ஈரம் புகையாக எழும்பியது, மழை விட்ட பிறகு ஹுன்னஸ்கிரிய மலையில் எழும்புமே, அப்படி. யாரும் இல்லைதானே என்று கோலை எடுத்து ஒரே ஒரு பந்தைத் தட்டினேன். அது அவசரமில்லாமல் மூன்று ஓரங்களைத் தொட்டுத் திரும்பி, மற்ற இரண்டு பந்துகளையும் மெல்லத் தீண்டி நின்றது. எங்கே நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. பிறகு நான் செயலாளர் என்பது ஞாபகம் வந்து, கோலை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சங்கத்தைச் சீர்திருத்த நீங்கள் கொண்டுவந்த சட்டம், அதுதான், பதவியில் இருப்பவர் போட்டியில் ஆடக்கூடாது என்பது, நல்ல சட்டம்தான் அண்ணா, பாரபட்சம் என்று ஒருவரும் பேசவில்லை, ஆனால் யார் மனமும் நோகக்கூடாது என்று இருக்கிற ஐந்து பேருக்கும் ஐந்து பதவி கொடுத்துவிட்டோமே, அதனால் நாலு வருஷமாக ஆட ஆளே இல்லை, இப்போது கொழும்பு விளையாட்டு அமைச்சிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, மாத முடிவுக்குள் இரண்டு பேராவது ஆடி தேசியப் போட்டி நடக்காவிட்டால் பதிவு ரத்தாம், மேசையையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் சங்கத்துப் போஷகர் வீரசிங்கம் ஐயா கதிரையை விட்டே எழும்பவில்லை.

"சட்டமெண்டால் சட்டம், பிள்ளை. ஆரும் பதவியை விட்டால் ஆடட்டும். நான் விடமாட்டன்."

"எனக்கும் ஏலாது," என்றார் ஹாஷிம் நானா. "கடை போர்டுல உப தலைவர்னு எழுதிட்டேன். பெயின்ட் இன்னும் காயல்ல."

"நாலு வருஷமா காயாத பெயின்டோ?"

"கண்டி மழை ஐயா, என்ன செய்ய!"

தலைமை நடுவர் நிஷாந்தினி படியில் இறங்கும்போதுதான் என் கையைப் பிடித்தாள். "டீச்சர், நீங்க விட்டீங்கன்னா நானும் விட்டுர்றேன். தனியா விட பயமா இருக்கு." இது நடுவர் பேசுற பேச்சான்னு நல்லா ஏசிட்டேன் அண்ணா.

ஆகவே அந்தச் சட்டத்தை நீக்கி ஒரு வரி எழுதி அனுப்புங்கள். என் உயிர் உள்ளவரை இந்தப் பதவியிலிருந்து அசையமாட்டேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் குளிரைக் குறைத்துத் தரட்டும்.

தங்கள் தங்கையும் செயலாளருமான
ஷிராணி

பி.கு.: உறையை ஒட்டுமுன் வாசித்துப் பார்த்தேன். நிஷாந்தினியை ஏசியிருக்கக் கூடாது. சட்டத்தை நீங்கள் மாற்றவேண்டாம். என் ராஜினாமாக் கடிதம் அயனுக்கு அடியில் இருக்கிறது, சனிக்கிழமை கொடுப்பேன். இன்னும் ஒருவருக்கும் தெரியாது, அவளுக்குக்கூட. இது உங்கள் கைக்கு வரும்போது நான் செயலாளர் இல்லை. ஆகையால் மேலே எழுதிய எதுவும் செல்லாது. அலுமாரிச் சாவி மட்டும் என்னிடமே இருக்கும்.