நாக்கு சாரும் தேன் நிறக் கல்லும்

போத்தனூரில் யாரும் நக்கிப் பார்க்காத கல் ஒன்று மிச்சம் இருந்தால், அது எங்கள் வீதி நாக்கு சார் கண்ணில் படாத கல்லாகத்தான் இருக்கும். கல்லூரியில் பாறையியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஈரம் பட்டால்தான் கல்லின் உண்மை நிறம் தெரியுமாம். அதற்குத் தண்ணீர் போதாதா என்றால், "நாக்கு எப்பவும் கூடவே இருக்குதுங்களே" என்பார். எதிர்வீட்டில் இறக்கிய ஜல்லியை அவர் ருசி பார்த்ததைக் கண்டு, கொத்தனார் வேலையை விட்டே போய்விட்டார்.

அவருடைய செல்லக் கல் பாஸ்ட்னசைட். சேலத்துப் பக்கம் கார்பனேட் பாறைக்குள் எப்போதாவது அகப்படுவது. தேன் நிறம், மெழுகு பூசியது போல மினுக்கு, அளவுக்கு மீறிய கனம். "நம்மூரு மோட்டார் கம்பெனிக்காரங்க காந்தத்துக்குச் சீனாக்காரன் வாயைப் பாத்துட்டு இருக்கறாங்க. அதுக்கு மூலப்பொருள் இதுக்குள்ளதானுங்க அம்மணி இருக்குது!" என்று, புளியங்கொட்டை அளவு இருக்கும் அதை வருவோர் போவோர் கையிலெல்லாம் வைப்பார்.

போன மாதம் என் ஐந்து வயது மகள் கையிலும் வைத்தார். அவள் சாரைப் போலவே நக்கினாள். விழுங்கியும் விட்டாள்.

நான் போட்ட சத்தம் உக்கடம் வரை கேட்டிருக்கும். அவளை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் பக்கத்தில் சாரும் தொற்றிக்கொண்டார்.

"பாப்பா என்னத்த முழுங்குச்சு?" என்றார் டாக்டரம்மா.

"சீரியம், லாந்தனம் சேந்த ஃப்ளோரோகார்பனேட்டுங்க. அறுகோணப் படிகம். கடினத்தன்மை நாலரை..."

"சார், பட்டாணி சைஸுங்களா, பட்டன் சைஸுங்களா?"

"வயித்துல கரைஞ்சு விஷமாயிருமுங்களா சார்?" என்று நான் அழுதேன்.

"வயித்துல இருக்கறது ஹைட்ரோகுளோரிக் அமிலமுங்க. அதுல மெதுவாத்தான் கரையும். நல்லாச் சூடு பண்ணினாத்தான் நுரைக்கும்" என்றவர், சட்டென்று டாக்டரம்மாவிடம் திரும்பி, "குழந்தைக்குக் காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்களே?" என்றார்.

எக்ஸ்ரேயில் கல் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. "பாத்தீங்களா அடர்த்திய!" என்று துள்ளியவர், நான் பார்த்த பார்வையில் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "சின்னக் கல்லுத்தானுங்க, தானா வந்துரும்" என்று எங்களை வீட்டுக்கு அனுப்பினார் டாக்டரம்மா.

அதன்பின் வேளாவேளைக்குக் கதவு தட்டப்பட்டது. "ஏனுங்க அம்மணி, பாப்பா வெளிய போச்சுங்களா?" கல்லுக்குத்தான் இந்தத் தவிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க சொத்து வந்தா நானே கழுவிக் கொண்டாந்து தாரேன், போங்க!" என்று கத்திவிட்டேன்.

கடைசியில் ஒரு நாள் காலையில் கல் வந்தது. டெட்டால் ஊற்றிக் கழுவி, கிண்ணத்தில் போட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடும் தீர்மானத்தோடு போனேன். சவரம் செய்யாத முகத்தோடு சார் கதவைத் திறந்தார். அலமாரியில் ஒரு கல்கூட இல்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றியிருந்தார். கிண்ணத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"பாப்பா சாப்புட்டுச்சுங்களா?" என்றார்.

கேட்க வந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ. "நீங்க சாப்புட்டீங்களா சார்?" என்றுதான் கேட்க வந்தது எனக்கு.