வேட்பாளர் படம் மட்டும் வரவில்லை

"எல்லார் படமும் வந்துடுச்சு சார். வேட்பாளர் படம் மட்டும்தான் வரலை," என்றார் அச்சக முதலாளி, மூன்றாவது முறையாகத் தொலைபேசியில்.

"அதான் முதல்லயே அனுப்பினேனே," என்றார் கான்ட்ராக்டர்.

"அது உங்க படம் சார்."

தான் வேட்பாளர் இல்லை என்பது கான்ட்ராக்டருக்கு அவ்வப்போது மறந்துவிடும்.

ஏழாவது வார்டு இரண்டு தேர்தலாக அவர் கையில் இருந்தது. இந்த முறை அதைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத கான்ட்ராக்டர், மூன்றாம் நாள் மனைவியை நிறுத்துவது என்று முடிவுசெய்து வயிறாரச் சாப்பிட்டார். மனு தாக்கலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போதே சுவரொட்டிக்குச் சொல்லிவிட்டார். மேலே "பெண்களுக்குச் சம உரிமை" என்று கொட்டை எழுத்தில் வர வேண்டும். அதன் கீழே கான்ட்ராக்டர், அவர் தம்பி, மச்சான், சங்கச் செயலாளர் என்று பதினெட்டு ஆண்களின் படங்கள். நடுவில் வேட்பாளருக்கு ஒரு கட்டம், அதன் கீழே அவர் பெயர். அந்தக் கட்டம்தான் காலியாக இருந்தது.

"அவ படம் எதுக்கு சார்? என்னைப் பார்த்தாலே ஜனங்களுக்குத் தெரியாதா?"

"கட்டம் காலியா இருந்தா நல்லா இருக்காது சார்."

"வீட்டுல அவ படமே இல்லையே. எல்லாப் படத்தையும் அவதான் எடுப்பா. சரி, தேடிப் பார்க்கறேன்."

அரை மணி நேரம் கழித்து ஒரு கடற்கரைப் படம் வந்தது. குடும்பம் மொத்தமும் வரிசையாக நின்று சிரித்தது. மணலில், படம் எடுப்பவரின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. "அந்த நிழல்தான் அவ. கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க," என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது.

முதலாளி நல்ல மனிதர். வாடிக்கையாளர் சொன்னால் நிழலையும் பெரிதாக்கிப் பார்ப்பார். பார்த்தார். நிழலைக் கட்டத்தில் வைத்து அனுப்பிய புரூஃபைப் பார்த்துவிட்டு, கான்ட்ராக்டரின் தம்பி, "என்னங்க இது, காணவில்லை அறிவிப்பு மாதிரி இருக்கு?" என்றார்.

முதலாளிக்குக் கோபம் வந்தாலும் காட்டிக்கொள்ள முடியாது. நகராட்சியின் படிவம், நோட்டீஸ், குறைகேட்புப் புத்தகம் எல்லாம் அவரிடம்தான் அச்சாகின்றன. அது கான்ட்ராக்டர் ஒரு வார்த்தை சொல்லி வந்த வேலை. இன்னொரு வார்த்தை சொன்னால் போய்விடும். போனால் இரண்டு மெஷினில் ஒன்றை மூட வேண்டியதுதான்.

யோசித்தார். அளவு பார்க்க ஏதாவது ஒரு முகத்தை வைத்து அனுப்பினால், "இது யார்?" என்று கேட்டுக்கொண்டு சரியான படத்தை அனுப்பிவிடுவார்கள் அல்லவா?

"அக்கா, அந்த வெள்ளைச் சுவர்கிட்ட ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றார்.

பைண்டிங் பிரிவு முழுவதும் ஒரே ஆள், பைண்டிங் அக்கா. இருபது வருடமாக அங்கே புத்தகம் தைக்கிறார். முதலாளியைவிட ஏழெட்டு வயது சின்னவர்தான். ஆனாலும் முதலாளிக்கும் அவர் அக்காதான்.

"எதுக்கு சார்?"

"சும்மா அளவு பார்க்க. நாளைக்கே எடுத்துடுவேன்."

கையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார் அக்கா. சிரிக்கவில்லை. நேராகப் பார்த்தார். முதலாளி படத்தைக் கட்டத்தில் பொருத்தி அனுப்பினார்.

ஐந்தே நிமிடத்தில் கான்ட்ராக்டரிடமிருந்து பதில் வந்தது. மச்சான் படம் தன் படத்தைவிடப் பெரிதாக இருக்கிறதாம். திருத்தி அனுப்பினார். தன் மூக்கு கறுத்துத் தெரிகிறதாம். வெளுத்து அனுப்பினார். சங்கச் செயலாளர் தன்னைவிட மேலே இருக்கிறாராம். இறக்கி அனுப்பினார். "இப்ப பிரமாதம். அடிச்சிடுங்க," என்று வந்துவிட்டது. நடுக்கட்டத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. பதினெட்டுப் பேரும் பார்த்தார்கள்தான். அவரவர் அவரவர் படத்தைப் பார்த்தார்கள்.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் சரி என்று சொன்ன புரூஃபில் முதலாளி கையெழுத்துப் போட்டு மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டுவார். ஆணியில் இருப்பதை மெஷின்காரர் அடிப்பார். எழுத்து தலைகீழாக இருந்தாலும் கேட்க மாட்டார். "அடிச்சிடுங்க" என்ற வார்த்தையைக் கேட்டதும், பழக்கதோஷத்தில் முதலாளியின் கை தானாகக் கையெழுத்துப் போட்டு ஆணியில் மாட்டிவிட்டது.

ராத்திரியே அச்சடித்து, கான்ட்ராக்டரின் ஆட்கள் ஒட்டியும் முடித்துவிட்டார்கள். மறுநாள் காலை அவர் கடைக்கு நடந்து வரும்போது, வழியெல்லாம் பைண்டிங் அக்கா இரண்டடி உயரத்தில் அவரை நேராகப் பார்த்தார். முதலாளி நடையைக் கூட்டினார். அந்த அவசரத்திலும், இருபது வருடத்தில் இந்த முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறோம் என்று தோன்றி, வெட்கமாகவும் இருந்தது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கே?" என்று மெஷின்காரரைப் பிடித்தார்.

"ஆணியில இருந்துச்சு, அடிச்சேன்," என்றார் அவர்.

"நாளைக்கே எடுத்துடுவேன்னு சொன்னீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா ஊசியில் நூலைக் கோர்த்தார்.

பத்து மணிக்கு, சுவரொட்டியில் பார்த்த அக்காவைத் தேடி மூன்று பெண்கள் அச்சகத்துக்குள் வந்தார்கள். பேருந்து நிறுத்தத்துத் தெருவிளக்கு நான்கு மாதமாக எரியவில்லை என்றார்கள்.

"அக்கா வேட்பாளர் இல்லைங்க. அது ஒரு சின்னத் தப்பு..." என்று முதலாளி மென்று விழுங்கினார்.

"இருக்கட்டும் சார். நகராட்சியில போய்ச் சொன்னா, வீட்டுல ஆம்பளை இல்லையா, அவரை வரச் சொல்லுன்னு அனுப்பிடறாங்க. நாங்க யார்கிட்டதான் சொல்றது?" என்றார் ஒரு பெண்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "குறைகேட்புப் புத்தகத்துல எழுதச் சொன்னீங்களா?"

"அப்படி ஒரு புத்தகமே இல்லைங்கறாங்க."

"இல்லையா? போன மாசம் பன்னிரண்டு புத்தகம் நான் தைச்சு அனுப்பியிருக்கேனே."

இருபது வருடமாகத் தைத்து அனுப்பிய புத்தகம் அலமாரியில் சும்மா கிடப்பது அக்காவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. புத்தகம் தைப்பவருக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில் அந்த மூன்று பெண்களையும் அழைத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனார். முன்பு புத்தகக் கட்டுகளை இறக்கிவைக்கப் போனதில், எந்த அலமாரி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் எழுதி, கையெழுத்து கேட்டார். சுவரொட்டியில் பார்த்த முகம் எதிரே நிற்கவே என்ஜினியர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை அச்சகத்தில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். நிற்க இடமில்லாமல் மெஷின்காரர் மெஷினை ஒட்டிக்கொண்டு நின்றார்.

விஷயம் கான்ட்ராக்டர் காதுக்குப் போனால் தொலைந்தோம் என்று முதலாளி கையைப் பிசைந்தார். "அக்கா, நீங்க ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க. கொஞ்சம் ஆறட்டும்," என்றார்.

"இருபது வருஷத்துல நீங்களா லீவு கொடுக்கறது இதுதான் முதல் தடவை சார்," என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டில் இருப்பார் என்று முதலாளி நினைத்தார். அக்காவோ கிடைத்த லீவில், ஒரு நோட்டோடு, ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வேட்பாளர் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. "என்ன குறை?" என்று மட்டும் கேட்டார். கேட்க ஓர் ஆள் வந்ததே போதும் என்று பெண்கள் உட்கார வைத்துப் பேசினார்கள்.

முதலாளி அடுத்த யோசனைக்குப் போனார். ஆள் வைத்து, சுவரொட்டிகளில் அக்கா முகத்தின் மேல் மட்டும் வெள்ளைக் காகிதத்தை ஒட்டச் சொன்னார். நடுவில் வெள்ளையும் சுற்றிலும் பதினெட்டு ஆண்களுமாகச் சுவரொட்டி பழையபடி ஆனது. எதிர்க்கட்சிக்காரன் ஒரு பெண்ணின் முகத்தை மறைத்துவிட்டான் என்று வார்டே கொதித்தது. மதியத்துக்குள் பெண்கள் திரண்டு வந்து ஈரத்துணியால் காகிதத்தை ஊறவைத்து ஒவ்வொன்றாக உரித்தார்கள். இதுவரை சுவரொட்டியைத் திரும்பிப் பார்க்காதவர்களும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் எந்தச் சுவரில் முட்டினாலும் அக்கா பார்ப்பார்.

மனு தாக்கலின் கடைசி நாள். மாலை நான்கு மணிக்குக் கான்ட்ராக்டர் அச்சகத்துக்குள் நுழைந்தார். அவர் தோளில் மாலையைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்.

"சார், அந்தப் போஸ்டர்..."

"அதுக்காகத்தான் வந்தேன்." கான்ட்ராக்டர் தானே உட்கார்ந்தார். "இன்னும் மூவாயிரம் அடிங்க."

"மூவாயிரமா?"

"வார்டு பூரா என் வீட்டுக்காரி பேச்சுதான் சார். லைட் போட வெச்சாளாம், புத்தகத்துல எழுத வெச்சாளாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்படி இதெல்லாம் பண்ணினேன்னு கேட்டா, பேசாம சிரிக்கறா." சுவரில் மாட்டியிருந்த சுவரொட்டியைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "படத்துல கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கா. ஆனா நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. அவ கட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிசு பண்ணுங்க. என்னோடதைத் தொட வேண்டாம்."

"சரி சார்," என்றார் முதலாளி, எங்கிருந்தோ.

"இன்னிக்கு மனு போட்டாச்சு. வேட்பாளரும் முன்மொழியறவங்களும் மட்டும்தான் உள்ளே போகலாம்னு என்னை வாசல்லயே நிறுத்திட்டாங்க. நம்ம ஆள் ஒருத்தனைக் கூட அனுப்பறேன்னேன். வேண்டாம், நானே பார்த்துக்கறேன்னுட்டா. தைரியம் வந்துடுச்சு சார் அவளுக்கு." பெருமை தாங்காமல் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். தப்பித்தோமா, மாட்டிக்கொண்டோமா என்று அவருக்கே தெரியவில்லை. கட்டியவருக்கே தன் மனைவியின் முகம் அடையாளம் தெரியவில்லை என்பது சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவருக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். கையில் ஒரு காகித உறை. சுவரொட்டியின் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார். பதினெட்டுப் படங்களை விட்டுவிட்டு நடுக்கட்டத்தை மட்டும் பார்த்தார்.

"என்ன வேலை அம்மா? விசிட்டிங் கார்டா?"

"இல்லைங்க. நான் கான்ட்ராக்டர் வீட்டுல இருந்து வரேன். இந்தப் போஸ்டர்ல இருக்கற பேர் என்னோடதுதான்."

முதலாளி எழுந்து நின்றார். ஆணி, கையெழுத்து, மெஷின்காரர், வெள்ளைக் காகிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். தன் தப்புதான் என்றார். பைண்டிங் அக்கா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இரண்டு முறை சொன்னார். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு வெள்ளைச் சுவரைக் காட்டினார்.

"இப்படி வந்து நில்லுங்கம்மா. ராத்திரிக்குள்ள உங்க படத்தை மாத்திடறேன்."

அவர் நகரவில்லை.

"முந்தாநாள் அவங்க எங்க வீட்டுக்கும் வந்தாங்க. என்ன குறைன்னு கேட்டாங்க. அந்த வீட்டுல என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லைங்க. நான் ஜெயிச்சா அந்த நாற்காலியில யார் உட்காருவாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." உறையிலிருந்து தேர்தல் அலுவலக ரசீதை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தார். "படம் சரியாத்தான் இருக்கு, பேரைத்தான் மாத்தணும்: மனு அவங்களோடது, முன்மொழிஞ்சவதான் நான்."