முள்ளம்பன்றி வடிவாம்பாள் நடத்திய நன்றி விழா

ஒரு காட்டில், அந்தக் காடு பேரூராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்ட மூன்றாம் வருஷம், வடிவாம்பாள் என்றொரு முள்ளம்பன்றி குடியிருந்தாள். தரம் உயர்ந்ததில் காட்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு பெயர்ப்பலகை கிடைத்தது, ஓர் அலுவலகம் கிடைத்தது, பதினைந்து வார்டு கிடைத்தது. முன்பெல்லாம் சிங்கத்தைக் கண்டு ஓடிக்கொண்டிருந்த பிராணிகள் இப்போது ஓடாமல் வரிசையில் நின்றன. அதற்குப் பெயர்தான் முன்னேற்றம்.

வடிவாம்பாளின் வளை நான்காம் வார்டின் கடைசியில், மழைநீர்க் கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கால்வாய் ஒரு சின்னப் பாலத்துக்கு அடியில் புகுந்து ஓடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் பாலத்தின் வாயை மண்ணும் சருகும் அடைத்து, அதன்மேல் எருக்கு முளைத்து, அந்த எருக்கும் பூத்துவிட்டது. போன ஐப்பசியில் மழைத் தண்ணீர் பாலம்வரை வந்து பார்த்தது, வழி இல்லை என்று தெரிந்துகொண்டது, நேராக வடிவாம்பாளின் வளைக்குள் திரும்பிவிட்டது. மூன்று நாள் அவள் ஒரு பாறைமேல் நனைந்துகொண்டே நின்றாள். அப்போது அவள் தனி ஆள். இந்த வருஷம் இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. முள்கூடச் சரியாக விறைக்காத பிஞ்சுகள். அவற்றுக்கு நீந்தவும் தெரியாது, பாறை ஏறவும் தெரியாது. ஆவணி பிறந்ததிலிருந்தே வடிவாம்பாள் நாளுக்குப் பத்துத் தடவை வானத்தைப் பார்த்தாள்.

முள்ளம்பன்றிக்குத் தோண்டவா சொல்லித் தர வேண்டும்? ஒருநாள் காலை அவளே கால்வாயில் இறங்கித் தோண்ட ஆரம்பித்தாள். நாலு கை மண்ணை எடுப்பதற்குள் பேரூராட்சி எழுத்தர் குழந்தைவேலு வந்து நின்றார். குழந்தைவேலு ஒரு தேவாங்கு. அவர் ஒரு கையை எடுத்து வைத்து மறு கையை எடுத்து வைப்பதற்குள் நீங்கள் ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். ஆனால் யாராவது யாரையும் கேட்காமல் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள் என்றால் மட்டும் எப்படியோ உடனே வந்து சேர்ந்துவிடுவார்.

“யக்கா, என்ன செய்யுதிய? இது பேரூராட்சிக் கால்வாய்லா!”

“அடைச்சிருக்கு தம்பி. எடுத்துவிடுதேன்.”

“அடைப்பும் பேரூராட்சிக்குச் சொந்தம்தான். பொதுச்சொத்துல கை வச்சா கேஸு ஆயிரும், பாத்துக்கிடுங்க. பங்கெடுக்கணும்னு ஆசை இருந்தா முறையாப் பங்கெடுங்க. நோட்டீஸ் போர்டைப் பாக்கலியா?”

வடிவாம்பாள் மண்ணைத் தட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். அலுவலக வாசலில் ‘பேரூராட்சிச் செய்திகள்’ என்ற தலைப்பில் பெரிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. “நம் ஊர் நிர்வாகத்தில் குடியிருப்போர் பங்கேற்க அரிய வாய்ப்பு! யோசனைப் பெட்டி! செயலி! வார்டு சபைக் கூட்டம்! வாரீர், வாரீர்!” அதைச் சுற்றிலும் பேரூராட்சித் தலைவர் ராஜமாணிக்கத்தின் படங்கள் பதினொன்று. தலைவர் ஒரு காட்டெருமை. பதினொன்றிலும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

வடிவாம்பாள் சூதுவாது தெரியாதவள். வாய்ப்பு என்று எழுதியிருந்ததை வாய்ப்பு என்றே நம்பினாள். முதலில் ஒரு தாளில் குறையை எழுதி யோசனைப் பெட்டிக்குள் போட்டாள். உடனே அந்தத் தாளோடு ஒரு மரங்கொத்தி தலையை வெளியே நீட்டியது.

“சன்னல் வழியா எதையும் போடாதீங்கம்மா. முட்டை இருக்கு.”

அடுத்தது செயலி. அவளிடம் செல்போன் கிடையாது. பக்கத்து வளை உடும்பு தாணுமூர்த்தியிடம் இருந்தது. அவர் வந்து, அடைத்துக் கிடந்த பாலத்தை நாலு பக்கமிருந்தும் படம் பிடித்து அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. “வாழ்த்துகள்! உங்கள் எருக்கம்பூப் படம் ‘எழில்மிகு நம் ஊர்’ போட்டியில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.”

முள்ளம்பன்றி என்பது பகலெல்லாம் தூங்க வேண்டிய பிராணி. அலுவலகமோ பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. ஒன்றரை மாதம் அவள் பகலில் கண்ணை மூடவில்லை. வரிசையில் நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற முயலைக் குத்தி, இரண்டு தடவை திட்டும் வாங்கினாள்.

கடைசியாக இருந்தது வார்டு சபைக் கூட்டம். மருதமரத்தடியில் விரிப்பு விரித்திருந்தார்கள். அங்கே குழந்தைவேலு ஒரு பெரிய நோட்டை நீட்டினார்.

“மொதல்ல கையெழுத்து யக்கா, அப்புறம் காராச்சேவு.”

“பக்கம் வெறுமையா இருக்கே தம்பி?”

“தீர்மானம் எழுத எடம் வேண்டாமா?”

அந்த ஊர் வழக்கம் அது. கையெழுத்து முதலில், கூட்டம் பிறகு, தீர்மானம் அதற்கும் பிறகு ஆபீசில் நிதானமாக. யாருக்கும் அதில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. வடிவாம்பாளும் ஒரு முள்ளை மையில் தொட்டு வெற்றுப் பக்கத்தின் அடியில் குத்திவிட்டு, காராச்சேவு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தலைவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கும்பிட்டார், பேசினார், மறுபடி கும்பிட்டார். வடிவாம்பாள் கையைத் தூக்கியபோது எல்லோரும் எழுந்து நின்று வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் புதுச் செய்தி வந்தது. “நான்காம் வார்டு கால்வாயை முழுமையாகத் தூர்வாரிக் கொடுத்த தலைவர் ராஜமாணிக்கம் அவர்களுக்கு, வார்டு மக்கள் ஒருமனதாக நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றினர்.” கீழே, அவள் குத்திய முள் அடையாளம்.

வடிவாம்பாளுக்கு உடம்பில் உள்ள முள்ளெல்லாம் எழுந்து நின்றுவிட்டது. அப்படியே அலுவலகத்துக்குள் நுழைந்ததில் கதவுத் திரை கிழிந்தது.

“எங்க தம்பி தூர்வாருனிய? அங்க எருக்கு காய்ச்சுத் தொங்குது!”

குழந்தைவேலு தன் பெரிய கண்ணால் அவளைப் பாவமாகப் பார்த்தார். “நானா சொன்னேன்? நீங்கதான யக்கா கையெழுத்துப் போட்டிருக்கிய. முடிஞ்ச வேலைய இன்னொருக்கா எப்படிச் செய்ய முடியும்? தணிக்கைக்கு வாறவன் என்னையல்லா புடிப்பான்.”

வீட்டுக்கு வந்து வளை வாசலில் உட்கார்ந்து அவள் அழுதாள். குட்டிகள் இரண்டும் ஒன்றும் புரியாமல் அவள் மடியில் முட்டின. தன் கையாலேயே தன் பிள்ளைகள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று புலம்பினாள்.

உடும்பு தாணுமூர்த்தி ஆறுதல் சொல்ல வந்தார். நேர்மையானவர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார்.

“கேஸு போடுவோம் மயினி. உண்மை நம்ம பக்கம் இருக்கு. நம்ம தெருவிளக்குக்கு நான் ஒம்பது வருஷமா மனு குடுக்கேன். விட்டேனா?”

“வெளக்கு எரியுதா கொழுந்தனாரே?”

“வெளக்கு எரியல. ஆனா நான் விடல.”

வடிவாம்பாள் அவரைப் பார்த்தாள், குட்டிகளைப் பார்த்தாள், பிறகு வானத்தைப் பார்த்தாள். “உண்மை நம்ம பக்கம்தான் இருக்கு. தண்ணியும் நம்ம பக்கம்தான் வரும்” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றாள். முள்ளெல்லாம் படிய வாரியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

“தம்பி, நேத்து நான் புத்தி இல்லாமப் பேசிட்டேன். தலைவர் இம்புட்டுப் பெரிய வேலைய முடிச்சுக் குடுத்திருக்காரு. நாங்க வெறும் தீர்மானத்தோட விட்டா நல்லாவா இருக்கும்? வாற வெள்ளிக்கெழமை அந்தப் பாலத்துமேலயே நன்றி விழா வைக்கோம். மேளம், மைக் செட்டு, மாலை எல்லாம் சொல்லியாச்சு. பக்கத்துக் காட்டுத் தலைவரும் வாறேன்னுட்டாரு. நம்ம தலைவர் பாலத்துமேல நின்னு, கீழ சுத்தமாக் கெடக்க கால்வாய்ல பூத்தூவணும். பத்திரிகைக்காரங்க படம் எடுக்க வாராவ.”

குழந்தைவேலு பேனாவைக் கீழே வைத்தார். “பாலத்துமேலயா?”

“வேற எங்க? செஞ்ச எடத்துலதான நன்றி சொல்லணும்.”

தேவாங்கு ஓடி யாராவது பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு அந்த ஊரே பார்த்தது. அலுவலகத்திலிருந்து தலைவர் வீடு வரைக்கும் குழந்தைவேலு ஒரே ஓட்டம்.

வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது பன்னிரண்டு காட்டுப்பன்றிகள் மண்வெட்டியோடு கால்வாயில் நின்றன. ஒன்றரை மாதமாக முடியாத வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. எருக்கு போயிற்று, சருகு போயிற்று, பாலத்தின் இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. அள்ளிய சகதியை எல்லா ஊரிலும் செய்வதுபோலவே கரையில் குவித்துவிட்டு, பன்றிகள் முகம் கழுவப் போயின.

வடிவாம்பாள் குவியலைப் பார்த்தாள். ஒரு மழை பெய்தால் அத்தனையும் வந்த வழியே கால்வாய்க்குள் போய்விடும்.

“இத எடுக்க மாட்டியளா?” என்று பன்றிகளின் மேஸ்திரியிடம் கேட்டாள்.

“அள்ளிப் போடுததுதான் எங்க வேலை. அப்புறப்படுத்துதது வேற ஆளு. அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கணும்.”

“எடுக்காட்டா போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. பாலம் பத்தாது, மேடை போடுதது இந்த எடத்துலதான். தலைவர் நாளைக்கு இந்தச் சகதிமேல நின்னு பேசட்டும். படம் நல்லாத்தான் இருக்கும்.”

மேஸ்திரி போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் இரண்டு வண்டி வந்து குவியலை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் கோலம் போடலாம் போலிருந்தது. அப்படியே தலைவர் வருகிற பாதை என்று சொல்லி ஐந்தாம் வார்டு வரைக்கும் சரிசெய்து வாங்கிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆசை யாரை விட்டது? ஆனால் அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விழா அமர்க்களப்பட்டது. தலைவர் ராஜமாணிக்கம் மைக் முன்னால் நின்று முதலில் கொஞ்சம் தயங்கினார். “இந்தக் கால்வாய்…” என்று ஆரம்பித்து இருமினார். இரண்டாம் வாக்கியத்தில் தைரியம் வந்தது. ஐந்தாம் வாக்கியத்தில், சின்ன வயதிலிருந்தே இந்தக் கால்வாயைத் தூர்வார வேண்டும் என்று கனவு கண்டதாகச் சொன்னார். பத்தாவதில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் காட்டுத் தலைவர் பொறாமையில் கொம்பைச் சொறிந்துகொண்டார்.

பிறகு வடிவாம்பாளைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊர் முன்னால் நின்று அவள் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. மைக்கைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்துக்கு அப்பால், வளை வாசலில் இரண்டு சின்ன மூக்குகள் தெரிந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“போன மாசமே இந்தக் கால்வாயத் தூர்வாரிக் குடுத்து எங்க வயித்துல பால வார்த்த தலைவருக்கு, நாலாம் வார்டு மக்கள் சார்பா…”

கைதட்டலில் மீதி கேட்கவில்லை. பொய்யானாலும் மைக்கில் கேட்கும்போது கணீரென்று நன்றாகத்தான் இருந்தது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டு அவளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். அது நூறு முள்ளில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, அவள் இழுக்க, பத்திரிகைக்காரர்கள் அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தாணுமூர்த்தி மட்டும் விழாவுக்கு வரவில்லை. தன் வளை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். “செய்யாத வேலைக்கு மாலை போடுதியளே மயினி, மனசாட்சி வேண்டாமா?” என்று மறுநாள் கேட்டார். கேள்வி சரியான கேள்வி என்று அவளுக்கே தெரியும்.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. தண்ணீர் இரைந்துகொண்டு கால்வாயில் வந்தது. வடிவாம்பாள் குட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றாள். தண்ணீர் பாலம்வரை வந்தது, உள்ளே புகுந்தது, அந்தப் பக்கம் போய் ஓடையில் விழுந்தது. ஒரு சொட்டுகூடத் திரும்பவில்லை. உள்ளே குட்டிகள் காய்ந்த சருகில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தூங்கின. அவள் பக்கத்தில் படுத்து, சத்தமே இல்லாமல் ஒரு மூச்சு அழுதாள். பிறகு பல நாளைக்கு அப்புறம் பகலில் நன்றாகத் தூங்கினாள்.

மழை விட்ட காலையில் வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. தாணுமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். எரியாத தெருவிளக்குக்கு அடியில், இருட்டில் சறுக்கிக் குழிக்குள் விழுந்ததில் வாலில் பெரிய கட்டு. அவர் மழையைப் பற்றிப் பேசினார். காற்றைப் பற்றிப் பேசினார். குட்டிகள் வளர்ந்துவிட்டனவே என்றார். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“மயினி… அன்னைக்கு அந்த மைக் செட்டு யாருகிட்ட சொன்னிய?”

நீதி: குறை சொல்கிறவனின் மனுவுக்கு ஒரு கோப்பு கிடைக்கும், செய்யாத வேலைக்கு முன்கூட்டியே நன்றி சொல்கிறவனின் வாசலுக்கு மண்வெட்டியே நடந்து வரும். ஆகவே குழந்தைகளே, பொய் சொல்லக் கூடாது. சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், மேடை போட்டு, மைக் வைத்து, மேலிடத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள்.