மூன்றரை இன்ச் கறுப்பும் ஆறடி மாப்பிள்ளையும்

என் கல்யாணம் பேச்சிலேயே முறிந்துபோகப் பார்த்தது. அதற்கு முழுப் பொறுப்பு எங்களுக்கு டிவி விற்ற கடைக்காரர்தான். நான் இல்லை. (எங்கள் வீட்டில் இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நீங்களாவது ஒப்புக்கொள்ளுங்கள்.)

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். தைத்து வரும் டீ-சர்ட்டை மேஜையில் விரித்து, இன்ச் டேப் வைத்து, நெஞ்சகலம், உயரம், கை நீளம் எல்லாம் பார்ப்பேன். சரக்கை வாங்கும் பையர் கேட்ட அளவுக்கு அரை இன்ச் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்டிக்கரைப் பார்க்காதே, பேப்பரைப் பார்க்காதே, சரக்கைப் பார். இதுதான் எங்கள் மேஜையின் சட்டம். அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்கும் எடுத்து வந்தேன். புத்தி கெட்டுப்போனது அங்கேதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஐம்பத்தைந்து இன்ச் டிவி வாங்கினோம். அப்பா, அம்மா, தம்பி, நான் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து முதல் படத்தைப் போட்டோம். மேலே ஒரு கறுப்புப் பட்டை. கீழே ஒரு கறுப்புப் பட்டை. நடுவில் படம்.

"இவ்வளவு பெரிய டிவி வாங்கி, ஜன்னல் சந்துல பாக்கறாப்பல இருக்குதே கண்ணு" என்றார் அப்பா.

நான் எழுந்து டேப்பை எடுத்தேன். மேலே மூன்றரை இன்ச். கீழே மூன்றரை இன்ச். மொத்தம் ஏழு இன்ச் காணோம். சும்மா இராமல் அகலத்தையும் அளந்தேன். நாற்பத்தெட்டுதான் வந்தது. ஐம்பத்தைந்து என்று சொல்லி நாற்பத்தெட்டைக் கொடுத்திருக்கிறார்கள்! அங்கேயும் ஏழு இன்ச்! திட்டம் போட்டுத் திருடியிருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் கடையில் போய் நின்றேன். கூட்டம் அதிகம். எனக்கு அதுதான் வேண்டும்.

"ஏனுங்க, அளவு குறைஞ்ச டிவியத்தான் விக்கறீங்களா?"

கடைக்காரர் பொறுமையாகத்தான் சொன்னார். "டிவியை மூலைக்கு மூலை சாய்வா அளக்கோணுமுங்க."

"எந்த ஊருல சட்டையை மூலைக்கு மூலை அளக்கறாங்க? தோள்ல புடிச்சு இடுப்புல முடிப்பீங்களா?"

"இது சட்டை இல்லீங்களே."

"சரி, அந்தக் கறுப்பு?"

"அது படத்தோட அளவுங்க. அப்படித்தான் வரும்."

"அப்படித்தான் வரும்னு எங்க டெய்லருங்ககூடச் சொல்லுவாங்க. நான் உடமாட்டேன்."

இப்போது நினைத்தால் காது கூசுகிறது. அந்த மனிதர் சொன்ன இரண்டும் சரி. ஆனால் கடைசியில் ஒரு தப்புச் செய்தார். என்னை அனுப்பினால் போதும் என்று ஒரு மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மெக்கானிக் ரிமோட்டில் என்னவோ அமுக்கினார். படம் மேலும் கீழும் நீண்டு திரையை நிறைத்தது. கறுப்பு போயே போய்விட்டது. "சந்தோசமுங்களா?" என்று கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஓடினார்.

அன்றிலிருந்து எங்கள் டிவியில் செய்தி வாசிப்பவர்களுக்கு நெற்றி கிடையாது. கீழே ஓடும் எழுத்தும் கிடையாது. அதெல்லாம் சேனல்காரன் கோளாறு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சினிமாவில் வருகிற எல்லோரும் ஒல்லியாக, உயரமாக இருந்தார்கள். நடிகர்கள் அப்படித்தானே இருப்பார்கள்?

இந்த லட்சணத்தில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஐந்தடி ஆறு. மாப்பிள்ளை என்னைவிட உயரமாக இருக்க வேண்டும் என்பது என் ஒரே நிபந்தனை. அதற்காக இரண்டு இடத்தை வேண்டாம் என்றிருந்தேன். "இதையும் உட்டா இனி இந்தப் பக்கம் வரமாட்டேனுங்க" என்று சொல்லித்தான் தரகர் மூன்றாவது ஜாதகத்தைக் கொடுத்தார். சேவூர்ப் பையன். திருப்பூரில் ஒரு பிரிண்டிங் யூனிட்டில் வேலை. டீ-சர்ட்டின் நெஞ்சில் அடிக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் தயார் செய்பவர். ஜாதகத்தோடு வந்த தாளில் உயரம் ஐந்தடி ஐந்து என்று போட்டிருந்தது.

"ஒரு இன்ச் கம்மி. வேண்டாம்" என்றேன்.

"மொதல்ல ஆளைப் பாரு, அப்பறம் பேசு" என்று அம்மா ஒரு பென்டிரைவை நீட்டினார். காங்கேயத்தில் நடந்த மாப்பிள்ளையின் அக்கா கல்யாண வீடியோ. டிவியில் போட்டோம்.

மாப்பிள்ளை நடந்து வந்தார். ஆறடிக்குக் குறையாது! ஒல்லியான, நெடுநெடுவென்ற ஆள். அவர் பக்கத்தில் அவர் அம்மா பெரிய தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு பனைமரம் மாதிரி வந்தார்.

"அந்த ஊட்டுல எல்லாருமே நெட்டை" என்றார் அப்பா.

"சேவூர்த் தண்ணி அப்படி" என்றார் அம்மா.

மண்டப வாசலில் கட்டியிருந்த காங்கேயம் காளையைப் பார்த்துத் தம்பி மட்டும், "மாடுகூட ஒட்டகமாட்ட இருக்குதுக்கா" என்றான். அவனை யார் மதித்தார்கள்?

பேப்பரில் ஐந்தடி ஐந்து. சரக்கில் ஆறடி. எங்கள் மேஜையின் சட்டப்படி நான் சரக்கை நம்பினேன். அடக்கமான குடும்பம், உயரத்தைக் குறைத்துச் சொல்கிறார்கள் என்று பெருமை வேறு. கம்பெனி முழுக்க "ஆறடி, ஆறடி" என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்துச் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் சேர்ந்து கூடத்தில் பதினைந்து பேர். நான் காபித் தட்டோடு வந்து நின்று, ஒவ்வொரு ஆளாகப் பார்த்தேன். ஆறடியைக் காணோம். வாசலைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை வண்டிய நிறுத்திட்டு வர்றாருங்களா?"

முன் நாற்காலியில் உருட்டுக் கட்டையாக உட்கார்ந்திருந்த ஒருவர் லேசாகக் கையைத் தூக்கினார். "நாந்தானுங்க."

அந்த இடத்தில் எந்தப் பெண்ணாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருப்பாள். நான் தட்டை டீபாயில் வைத்தேன். வைத்துவிட்டு, பதினைந்து பேர் காதிலும் விழும்படி கேட்டேன்:

"அப்ப வீடியோவுல வந்தது யாருங்க? சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு, சரக்கு வேற எறக்கறீங்களா?"

அம்மா என் இடுப்பில் கிள்ளியது இன்றைக்கும் வலிக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "என்ற பையன் என்ன பனியனா? எந்திரிங்க, போலாம்!" அப்பா இரண்டு கையையும் கூப்பி வாசலை மறித்தார். தரகர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது இடமும் போனது. அப்போதாவது வாயை மூடினேனா? இல்லை. நிரூபிக்கிறேன் என்று டிவியைப் போட்டேன். வீடியோ ஓடியது. "பாருங்க, ஆறடி!" என்று கையை நீட்டினேன்.

திரையில் ஆறடி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பனைமரம் மாதிரி அவர் அம்மா. அதே அம்மா என் எதிரில், என் தோளுக்கும் கீழே, கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கூடமே ஒரு முறை திரையைப் பார்த்தது, ஒரு முறை அவரைப் பார்த்தது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "அந்த ரிமோட்டைக் குடுங்க" என்றார். தாம்பாளம் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்தினார். "நீங்க செக்கிங்கிலதான இருக்கறீங்க? இந்தத் தட்டைப் பாஸ் பண்ணுவீங்களா?"

பார்த்தேன். வட்டமான தாம்பாளம் முட்டை மாதிரி நீண்டிருந்தது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பவள் நான்!

அவர் ரிமோட்டை அமுக்கினார். தட்டு வட்டமானது. மேலேயும் கீழேயும் கறுப்பு வந்தது. மொத்தக் கல்யாணமும் ஒரே நொடியில் குட்டையானது. காளை, காளையானது.

"அந்தக் கறுப்புல இருந்த படம் எங்கீங்க?" என்று கேட்டேன். குரல் அடங்கிவிட்டது.

"அதுல படமே கெடையாதுங்க. உங்க கட்டிங் டேபிள் அகலம் ஜாஸ்தி, வந்த துணி அகலம் கம்மி. ரெண்டு பக்கமும் டேபிள் தெரியும். தெரியுதுன்னு துணிய இழுத்துப் புடிச்சு வெட்டுவீங்களா?"

"வெட்டமாட்டோம். அளவெல்லாம் கெட்டுப்போகும்."

"அதேதானுங்க. தியேட்டர்ல திரை நல்லா நீளமா இருக்கும், டிவி அவ்வளவு நீளமில்ல. அகலத்துக்கு அகலம் வச்சா மேலயும் கீழயும் எடம் மிச்சம். பழைய படமெல்லாம் கிட்டத்தட்டச் சதுரம், அதுக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு வரும். எங்கக்கா கல்யாண வீடியோக்காரர் சினிமாவாட்ட இருக்கோணும்னு அந்த நீளத்துல எடுத்துட்டாரு. நீங்க இழுத்துட்டீங்க. நான் பையர் அனுப்புன படத்தை இப்படி இழுத்தா, அன்னிக்கே என்னைய வெளிய அனுப்பிருவாங்க."

என்னிடம் யாரும் ஏழு இன்ச் திருடவில்லை. இருந்த படத்தை இழுத்துக் கெடுத்தது நான். குறுகிப்போய், கத்தரிக்காய்க்குக் கைகால் முளைத்தது மாதிரி நடுக்கூடத்தில் நின்றேன். அவர் தன் அம்மாவிடம், "உக்காருங்கம்மா, காபி ஆறிரும்" என்றார். அந்த அம்மா உட்கார்ந்தார். ஆனால் காபியைத் தொடவில்லை.

அன்று மாலை தரகர் போன் செய்தார். மாப்பிள்ளைக்குச் சம்மதமாம். அப்பா போனைக் காதிலிருந்து எடுத்து, தப்பான நம்பரோ என்று பார்த்தார். எனக்கும் சம்மதம் என்றேன். பதினைந்து பேர் கத்துகிற இடத்தில், ஒரு தட்டைக் காட்டிப் புரியவைத்த ஆளுக்கு ஒரு இன்ச் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது. (என் வேலையில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டெய்லர்கள் இன்னும் கேட்கிறார்கள்.)

கல்யாணமாகி நான்கு வருடம். எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் மாமியார் என்னை, "இவதானுங்க என்ற பையனை ரிஜக்ட் பண்ணுன மருமக" என்றுதான் அறிமுகம் செய்கிறார். கேமராக்காரர் எங்களை நிற்க வைத்தால், கூட்டத்திலிருந்து யாராவது ஒருவர், "மாப்பிள்ளைய மட்டும் கொஞ்சம் இழுத்து எடுங்க!" என்று கத்துகிறார். கத்தட்டும். நான் செய்த வேலைக்கு எனக்கு வேண்டும்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். என் சம்மதத்துக்குக் காரணம் சொல்லிவிட்டேன். அவர் இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "அப்பறம் சொல்றேன்" என்று சிரித்தே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டார்.

ஏனுங்க, இதைப் படிக்கிறீங்கதானே? அடுத்த மாதம் நம்ம பாப்பாவுக்குக் காதுகுத்து. அன்றைக்குக் கூடத்தில் இருந்த பதினைந்து பேரும் வருகிறார்கள். உங்கம்மாவும் முன் வரிசையில் உட்காருவார். பந்தலில் மைக் இருக்கும். அதைக் கையில் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் சொல்லுங்க: நடுக்கூடத்தில் வைத்து உங்களைப் பார்த்து "சரக்கு வேற" என்று சொன்ன பெண்ணை, அன்று சாயங்காலமே எதுக்குங்க சரின்னு சொன்னீங்க?