சிவகாசிக்காரன் துடைத்த துப்பாக்கி

‘தெரியாது’ என்று சொல்ல வராத வியாதி எனக்கு இருபத்தெட்டு வயதுவரை இருந்தது. யாராவது வழி கேட்டால் தெரியும் என்பேன். கேட்டவரை நேர் எதிர்த்திசையில் அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிப்பேன். வளைகுடாவில் இந்த வியாதிக்குத் தனி மரியாதை உண்டு. ஊரில் ஆடு மேய்த்தவர் அங்கே விமானத்தைவிட்டு இறங்கியதும் வெல்டர் ஆகிவிடுவார். விசாவில் எது அடித்திருக்கிறதோ அதுதான் தொழில். (என் விசாவில் ‘கொத்தனார்’ என்று இருந்தது. நான் பி.எஸ்ஸி. வேதியியல். கரண்டி பிடித்ததெல்லாம் சாப்பாட்டுப் பந்தியில்தான்.)

தொண்ணூறுகளின் நடுவில், ராஸ் அல் கைமாவில் மலையடிவாரத்தில் இருந்த ஒரு வண்டிப் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். அவர்தான் என் கபீல், ஆங்கிலத்தில் ஸ்பான்சர். அதாவது நான் அந்த நாட்டில் மூச்சு விடுவதற்கான பொறுப்பு அவருடையது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் முத்துலட்சுமியோடு இருந்தது நாற்பத்தோரு நாள். அவளைக் கூட்டிக்கொண்டு வர அர்பாப் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் மாதாமாதம் போய்த் தலையைச் சொறிவேன். அவரும் சிரித்தபடி “புக்ரா” என்பார். புக்ரா என்றால் நாளைக்கு. அந்த நாளை எட்டு மாதமாக வரவே இல்லை. பொண்டாட்டி முகத்தை போட்டோவில் பார்த்துப் பார்த்து, நிஜத்தில் அவள் உயரம் எவ்வளவு என்பதே எனக்கு மறந்துகொண்டு வந்தது.

அர்பாபிடம் அவருடைய அப்பா விட்டுப்போன ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரிதான். குழலின் வாய்வழியாகக் கருமருந்தைக் கொட்டி, துணியில் சுற்றிய குண்டைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மலையடியில் இருக்கும் வறண்ட ஓடையில் சொந்தக்காரர்கள் கூடிக் குறி பார்த்துச் சுடுவார்கள். ஆளுக்கு ஐந்து குண்டு. மூன்று வருடமாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் அர்பாபின் மச்சினன். (மச்சினன் என்றால் எந்த நாட்டிலும் மச்சினன்தான்.)

அர்பாபுக்குச் சுடத் தெரியும், துடைக்கத் தெரியாது. துடைப்பது ஆள்காரர் வேலை. பல வருடமாக அதைச் செய்துவந்த பலூச்சிக் காவல்காரர் அந்த வருடம் நீண்ட லீவில் போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து, பதான் டிரைவர் குல்கான் அர்பாபின் காதில் ஓதியிருக்கிறான், இந்த ஸ்டோர்காரன் சிவகாசி, அது பாரூத் செய்கிற ஊர் என்று. பாரூத் என்றால் வெடிமருந்து.

அர்பாப் என்னைக் கூப்பிட்டார்.

“நீ சிவகாசியா? பாரூத் மாலூம்?”

ஊரே பட்டாசு செய்கிறது, வாஸ்தவம். நான் பட்டாசு டப்பாவுக்கு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்த்தவன். தீபாவளிக்குச் சரவெடி வைத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடுகிற ஜாதி. ஆனாலும் அந்தக் கடிதமும் கையெழுத்தும் கண்ணுக்குள் வந்து நின்றன.

“மாலூம் அர்பாப்! ரொம்ப நல்லா மாலூம்!” என்றேன். அதாவது, தெரியும்.

“நான் ஜெயித்தால் உன் மதாம் இங்கே வருவாள்” என்றார்.

அன்றைக்கே முத்துலட்சுமிக்கு ஆறு பக்கம் எழுதினேன். ‘உன் புருஷனை நம்பித்தான் இங்கே ஒரு ராஜகுடும்பத்தின் மானமே இருக்கிறது’ என்று ஆரம்பித்து, துப்பாக்கியை எப்படிப் பராமரிக்கப் போகிறேன் என்று விஞ்ஞான விளக்கமும் கொடுத்து, ‘நீ இங்கே வரப்போகிறாய்’ என்று முடித்தேன். (பட்டறை முதலாளி எப்போது ராஜகுடும்பம் ஆனார் என்று கேட்காதீர்கள். கடிதத்தில் எல்லோரும் அப்படித்தான்.)

கருமருந்து வெடித்தால் குழலுக்குள் கரியும் கந்தகமுமாக ஒரு கசடு படியும். ஒவ்வொரு குண்டுக்கும் அது தடித்துக்கொண்டே போய்க் குழல் குறுகிவிடும். இதுவரைக்கும் நான் யோசித்தது சரி. இதற்கு மருந்து என்ன? என் பின்னால் ஆறு டிரம் எஞ்சின் ஆயில். பக்கத்தில் கிரீஸ் வாளி. உலகத்தில் எது சிக்கினாலும் பட்டறையில் நாங்கள் செய்வது ஒன்றுதான். அதையே செய்தேன். குழல் நிறையக் கிரீஸ் அடைத்து எடுத்து, மேலே பளபளவென்று துடைத்து வைத்தேன். அர்பாப் அதில் தன் முகம் பார்த்துத் தாடியைக் கோதினார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை போட்டி. ஓடைக்கு அந்தப் பக்கம் கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். முப்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்து காவா என்கிற அரபிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கழுத்தில் துண்டு போட்டு, கையில் எண்ணெய்க் குவளையோடு, ஆபரேஷன் தியேட்டர் டாக்டர் மாதிரி நின்றேன்.

முதல் குண்டு. டமார்! கல் சிதறியது. அர்பாப் என் முதுகில் ஓங்கித் தட்டினார். முத்துலட்சுமி விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நான் துணியை எண்ணெயில் முக்கிக் குழலுக்குள் விட்டு ஆட்டினேன். மச்சினன் ஒரு ஈரத்துணியை விட்டு எடுத்தார், பிறகு காய்ந்த துணி, அவ்வளவுதான். பாவம், படிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குண்டை உள்ளே இறக்க மூச்சு முட்டியது. அதுவும் பட்டது. மறுபடி எண்ணெய். வெளியே வந்த துணியில் தார் மாதிரி ஏதோ இழுத்தது. வேதியியல் பட்டதாரி அதைப் பார்த்து என்ன செய்தான்? இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டான்.

மூன்றாவது குண்டு பாதிக் குழலில் நின்றுவிட்டது. கம்பியால் அழுத்தினேன். அசையவில்லை. முப்பது பேரும் காவாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் குல்கானிடமிருந்து சுத்தியலை வாங்கிக் கம்பியின் தலையில் நாலு போடு போட்டேன். இப்போது குண்டும் போகவில்லை, கம்பியும் வரவில்லை. அடியில் மருந்து, அதன்மேல் குண்டு, அதன்மேல் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலே என் மூஞ்சி.

“கலாஸ்! போதும்! தள்ளிப் போடா!” என்று அர்பாப் அலறினார். நல்லவேளை, தட்டியதும் தீப்பொறி தரும் அந்தக் குட்டி மூடியை இன்னும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் உருண்டார். “இதென்ன, மீன் குத்துகிற ஈட்டியா?” என்று அவர் கேட்டதாகக் குல்கான் மொழிபெயர்த்தான். (நான் கேட்கவே இல்லை. அவனாகவே மொழிபெயர்த்தான், நாசமாய்ப் போகிறவன்.)

துப்பாக்கியைப் பட்டறைக்குப் பின்னால் மணல் மூட்டைமேல், மலையைப் பார்த்தபடி படுக்கவைத்தார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. அர்பாப் என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “கேன்சல்.” கடிதத்தை அல்ல, என் விசாவையே. அன்றைக்கு ரூமுக்கு வந்து வெட்கமில்லாமல் அழுதேன். வேலை போனதற்கு அழவில்லை. அவள் வரப்போகிறாள் என்று நானே ஆறு பக்கம் எழுதியிருந்தேனே, அதற்கு.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம்தான்.

‘அத்தான், நலம். நலமறிய ஆவல். துப்பாக்கி சமாச்சாரம் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கருமருந்துக்குக் கிட்ட மிஷின் எண்ணெயைக் கொண்டுபோகாதீங்க, சாமி! கசடோட சேர்ந்து தாராப் பிடிச்சுக்கும். எங்க அப்பா கோயில் வேட்டுக்குழாயை வெந்நீர் ஊத்தித்தான் கழுவுவாங்க. சின்னப் பிள்ளையிலிருந்து ஊத்தினது நான்தானே. அடைச்சுக்கிட்டா, திரித்துளை வழியாவும் வெந்நீர் விடணும். மருந்து செத்துப்போகும், கசடு கரைஞ்சு வந்துரும். கழுவினதும் காயவச்சு, தேங்காயெண்ணெய் தடவுங்க, இல்லைன்னா துருப்பிடிக்கும். தயவுசெஞ்சு தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க.’

கெட்டது கெட்டுவிட்டது, இதற்குமேல் என்ன என்று கடிதத்தோடு போய் அர்பாப் முன்னால் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, “அர்பாப், எனக்கு பாரூத் மாஃபி மாலூம். எதுவுமே தெரியாது. இவளுக்குத் தெரியும்” என்றேன். ஒவ்வொரு வரியாக எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதைக் குல்கான் அரபியில் சொன்னான். என் அழுக்கு இரண்டு மொழிகளில் அலசப்பட்டது. கடைசி வரிக்கு வந்ததும் அர்பாப், “திரும்பப் படி” என்றார்.

பெரிய கெட்டிலில் வெந்நீர் வந்தது. பக்கவாட்டில் நின்றுகொண்டு, பின்பக்கத் துளையிலும் வாயிலும் மாறி மாறி விட்டோம். சாயங்காலம்வரை ஏழு கெட்டில். கறுப்புக் கறுப்பாய்த் தண்ணீர் வடிந்தது, அழுகிய முட்டை நாற்றம் பட்டறையைத் தூக்கியது. கடைசியில் குல்கான் கம்பியைப் பிடித்து இழுக்க, அது ‘ப்ளக்’ என்று வெளியே வந்தது. அர்பாப் குழலைத் தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார்.

“யா குல்கான், இந்தப் பொண்ணுக்கு உடனே விசா எடு” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, “இவனும் அவளோடு இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சேர்த்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் முத்துலட்சுமி வந்து இறங்கினாள். (என் தோளுயரம்.) அடுத்த போட்டிக்கு அவள் பிக்கப் வண்டியில் பிளாஸ்க்கும் கிழித்த வேட்டித் துணியுமாக உட்கார்ந்திருந்தாள். குண்டுக்கு ஒரு ஈரத்துணி, ஒரு காய்ந்த துணி. அர்பாப் ஒரு கல் வித்தியாசத்தில் ஜெயித்தார். மச்சினன் எழுந்து வந்து, அவளிடம் அல்ல, என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

கதை அர்பாப் வழியாகப் பட்டறைக்கும், பட்டறை வழியாக எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பரவியது. பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தார்கள். மகனுக்கு ஏழு வயதில் பள்ளிக்கூட ஃபாரம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தோம். வீட்டில் யார் யாரை ஸ்பான்சர் செய்கிறார்கள் என்று ஒரு கேள்வி. நான் கண்ணாடி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவனே எழுதி முடித்துவிட்டான். வாங்கிப் பார்த்தேன். ஸ்பான்சர்: அம்மா. அவரை நம்பி இருப்பவர்கள்: நான், தங்கச்சி, அப்பா.

“டேய், இது தப்புடா” என்றேன்.

“அம்மா, இது தப்பா?” என்று அவன் அடுக்களைப் பக்கம் கத்தினான்.

“சரியாத்தான் இருக்கு. கையெழுத்தைப் போடச் சொல்லு” என்றாள் முத்துலட்சுமி. போட்டேன்.