மிஷின் பயில்வானின் மறுபிரவேசம்

தோல்வி என்றால் என்னவென்றே தெரியாத ஒரே குஸ்திக்காரர் எங்கள் லாட்ஜ் வாட்ச்மேன் பயில்வான்தான். அவரே சொன்னது. வேறு சாட்சி கிடையாது.

புது நூற்றாண்டு பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த நாங்கள், ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் ஓர் அறைக்கு ஆறு பேராக அடைந்து கிடந்தோம். ஐம்பதைத் தாண்டிய பயில்வான் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தான் மண்ணைக் கவ்வ வைத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரே ஆளை இரண்டு ஊரில் கவ்வ வைத்ததும் உண்டு.

பிள்ளைப்பாக்கத்தில் பொங்கலுக்குக் குஸ்தி என்று போஸ்டர் ஒட்டியதும் அவருக்குத் தூக்கம் போயிற்று.

"தோத்துட்டா இத்தினி வருசத்துப் பேரு பூடும் நைனா. அதான் மூஞ்சிய மறச்சிகினு எறங்கப் போறேன். ஏரியாவே கம்பெனி மயமா கீது, நான் மிஷின் மனுசன். பேச மாட்டேன், சிரிக்க மாட்டேன், அடிச்சா வலிக்காது."

என் அறைத்தோழன் இசக்கி, "வேண்டாம் அண்ணாச்சி, இடுப்பு பிடிச்சுக்கிடும்" என்றான்.

"மிஷினுக்கு ஏதுடா இடுப்பு?"

டி.வி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்துக் கவசம் தயாரானது. முகமூடியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மீசைக்கு இரண்டு. மீசையை மறைப்பது மானக்கேடாம். முதுகில் பெயிண்டையும் மீறி, 'உடையும் பொருள்' என்பதற்கான கண்ணாடி டம்ளர் படம் பளிச்சென்று தெரிந்தது.

விழா அன்று மேளம் முழங்க, மிஷின் மனுசன் விறைப்பாக நடந்து வந்தார்.

"பயில்வான் வந்துட்டாருடோய்!" என்று ஊரே எழுந்து கத்தியது. அவர் திரும்பவேயில்லை.

எதிராளி மறைமலை நகர் இளவட்டம். மரியாதையாகக் கும்பிட்டான். மிஷின் கும்பிடவில்லை. அடுத்த கணம் அவன் மிஷினின் கையைப் பின்னால் வளைத்து முறுக்கினான். மிஷின் மௌனம். இன்னும் முறுக்கினான். மௌனம். வியர்வையில் ஊறிய கவசம் கூழாகி உதிர்ந்து, முகமூடி மட்டும் மிஞ்சியது. கடைசி முறுக்கில் மைதானம் அதிர ஒரு குரல்: "யம்மாடியோவ்!"

இளவட்டம் பதறிப்போய்க் கையை விட்டான். "வலிக்குதுன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

"மிஷின் எப்புட்றா பேசும்?" என்று கூட்டத்தில் ஒருவர் அவனை அதட்டினார்.

தோள்பட்டை இறங்கிவிட்டது. வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் முனகிய மனுஷர், முகமூடியில் மட்டும் கை வைக்க விடவில்லை. கட்டுப் போட்டு முடிந்ததும், கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரே கழற்றினார். கண் கலங்கியிருந்தது.

"இன்னா நைனா, தோத்தது நான்தான்னு எவனாவது கண்டுபுட்சானா?"

இசக்கி என்னைப் பார்த்தான். "ஒருத்தனுக்கும் தெரியல அண்ணாச்சி. யாரோ வெளியூர்க்காரன்னு பேசிக்கிட்டாவ."

மாத்திரையோடு வந்த நர்ஸம்மா பிள்ளைப்பாக்கத்துக்காரர். சேதி அவருக்கு எப்போதோ வந்திருக்கும். "ஆமா, யார் பெத்த புள்ளயோ, பாவம்" என்றார் அவரும்.

பயில்வான் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

மறுநாள் முதல் டீக்கடையிலோ லாட்ஜிலோ அந்த மிஷின் மனுசன் யார் என்று ஒருவரும் பேசவில்லை. அந்த ஊர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி நான் பார்த்தது அது ஒன்றைத்தான்.